உபவாச வீரர் பீடம்

கட்சியின் வாலிபர் சங்கத் தலைவர் கணபதியப்பனுக்கு, ஐம்பத்துநாலாம் வருஷத்துத் தேர்தல் வந்தபோது வயது முப்பத்தொன்பது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நாற்பத்தேழில் அவர் பதவிக்கு வந்தபோது வாலிபத்தின் வாசல்படியிலாவது ஒரு கால் இருந்தது. பிறகு வயது ஏறியது, பதவி ஏறவில்லை. அதற்கு அவர் என்ன செய்வார்? மனைவி தாணம்மாளின் கண்மைச் சிமிழைத் திறந்து காலையில் மீசையில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் வாலிபம் சாயங்காலம்வரை நிற்கும். வெயிலில் ஊர்வலம் என்றால் மட்டும் மத்தியானத்திலேயே கன்னத்தில் வழிந்துவிடும்.

அவருடைய அரசியல் வாழ்வுக்கு அடித்தளம் ஒரு சக்கப்பழம். பலாப்பழத்தைத்தான் சொல்கிறேன். நாற்பத்தெட்டு வைகாசியில், திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று நாகர்கோவிலில் மறியல் நடந்தது. மறியலுக்கு முன்னால் தொண்டர்கள் பசியாற யாரோ கூழன் சக்கப்பழம் ஒன்றை, சுளை குழைந்து வழிகிற ரகம், வெட்டி வைத்தார்கள். தலைவர் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? பாதிப் பழத்தைத் தனியாளாகத் தீர்த்தார். அன்று சாயங்காலம் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இரவுக்குள் வயிறு தன் சொந்தப் போராட்டத்தைத் தொடங்கிவிட்டது.

ஒன்பது நாள் ஜெயில். ஒன்பது நாளும் அவர் கஞ்சியைத் தொடவில்லை, தொட்டால் நிற்காது. 'தலைவர் கஞ்சியைத் தொட மறுக்கிறார்' என்ற செய்தி மட்டும் மதில் தாண்டி வெளியே வந்தது. கட்சி ஆபீசில் அதை உபவாசம் என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். பத்தாம் நாள் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வெளியே வந்தவரைப் பார்த்து ஊரே அழுதது. அன்றிலிருந்து அவர் 'உபவாச வீரர்'. அந்த ஒன்பது நாளும் ஜெயிலில் கூட இருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தவர் அவருடைய சொந்த ஊரான பெரியமடைக்காரர், ஆறுமுகப்பெருமாள் என்ற விவசாயி. அவருக்கு மாலையும் இல்லை, பட்டமும் இல்லை. ஆறு வருஷத்து மேடைப் பேச்சில் ஒருநாளாவது கணபதியப்பன் அவர் பேரைச் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை.

ஐம்பத்திரண்டில் தேர்தலுக்கு நின்றார். நூற்றுப் பன்னிரண்டு வோட்டில் தோற்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மண் ஒட்டாவிட்டாலும் மை வழிந்தது. ஐம்பத்துநாலு தையில் மறுபடியும் சீட்டுக் கொடுத்தபோது கட்சி ஆபீசில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்கள்: இந்தத் தடவையும் தோற்றால் இனி சீட்டு கிடையாது, வாலிபர் சங்கமும் காலேஜ் முடித்த ஒரு பையன் கைக்குப் போகும்.

அந்தச் செய்தியைத் தாணம்மாளிடம் சொன்னார். அவள் வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கன்னிப்பூவும் கும்பப்பூவும் என்று வருஷத்துக்கு இரண்டு போகம். இரண்டையும் நட்டு அறுத்துக் களத்தில் நின்று அளந்து வாங்குவது அவள்தான். அவருக்கு அறுப்பு மாதம் என்றால் ஊர்வலத்துக்கு ஆள் கிடைக்காத மாதம், அவ்வளவுதான்.

"ஜெயிச்சா திருவனந்தபுரத்துல இருப்பிய. தோத்தா கட்சி ஆபீசுல இருப்பிய. ரெண்டுல எதுக்கு நான் வேண்டிக்கிடணும்?" என்று கேட்டாள்.

"நாட்டுக்கு வேண்டிக்கோட்டி," என்றார் கணபதியப்பன்.

அவள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எதிராளி ஜெயசிங் வக்கீல். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், மெதுவாகப் பேசுகிறவர், கோபமே வராது. அப்படிப்பட்டவரை எதிர்த்துப் பேசுவது கருங்கல்லில் நார் உரிப்பது மாதிரி. நோட்டீஸ், மெகாபோன், ஜீப்பு எல்லாம் அவரிடமும் இருந்தது. அவரிடம் இல்லாதது எது என்று கணபதியப்பன் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் வெற்றிலைச் சாற்றைத் துப்பும்போது பளிச்சென்று தோன்றியது. முத்தாரம்மன் கோயில் கொடை!

தை இரண்டாம் செவ்வாய் பெரியமடை முத்தாரம்மனுக்குக் கொடைத் திருவிழா. எட்டு ஊர் ஜனம் வரும். மத்தியானக் கொடைக்கு வில்லுப்பாட்டு உண்டு. மாடன் கதைக்குப் பதிலாக உபவாச வீரர் கதையைப் பாடினால்? அம்மன் சன்னிதியில் எட்டு ஊரும் அழுதால், அழுத கை வேறு பெட்டியில் வோட்டுப் போடுமா? வில்லுப்பாட்டுக் கிருஷ்ணமணிக்கு ஆள் விட்டார்.

கிருஷ்ணமணி வந்து, ஜெயில் கதை முழுவதையும் கேட்டார். சக்கப்பழத்தை நீக்கிய கதை. கேட்டு முடித்துவிட்டு, "கொள்ளாம் அண்ணாச்சி. எப்பம் சாவுகிய?" என்றார்.

"என்னது?"

"கதையில, அண்ணாச்சி. வில்லுல பாடணும்னா ஆளு சாவணும். மாடன் ஆகட்டும், இசக்கி ஆகட்டும், சாவாத சாமி ஏது? செத்தாத்தான் உடுக்கு முறுகும், உடுக்கு முறுகினாத்தான் சாமி வந்து ஆடும். சாமி ஆடாத கொடை என்ன கொடை?"

"உயிரோட இருக்க ஆளைச் சாவடிக்கீரே ஓய்! நான் ஜெயிச்சு சட்டசபைக்குப் போறதா முடியும்."

"எந்தச் சாமி சட்டசபைக்குப் போயிருக்கு?"

நியாயமான கேள்விதான். கணபதியப்பன் பேரத்தில் இறங்கினார். துப்பாக்கிக் குண்டில் சாகலாம் என்று கிருஷ்ணமணி சொன்னார்; காயத்தைக் காட்டு என்று எவனாவது கேட்டால் எங்கே போவது? தடியடியும் அப்படித்தான். கடைசியில் உபவாசத்தில் ஒன்பதாம் நாள் உயிர் போவது என்று முடிவாயிற்று. ஆனால் பத்தாம் நாள் ஜனங்களின் கண்ணீரைக் கண்டு உயிர் திரும்பி வர வேண்டும் என்று கணபதியப்பன் ஒற்றைக்காலில் நின்றார்.

கிருஷ்ணமணி முகத்தைச் சுளித்தார். "செத்து எந்திரிக்கது சர்ச்சுல வேதக்காரங்க பாடுக பாட்டாக்கும் அண்ணாச்சி. நம்ம வில்லுல அதுக்கு மெட்டு கிடையாது."

"மெட்டு உண்டாக்கும் ஓய். எனக்காக ஒரு மெட்டு."

"செரி. செத்த உடனே ரெண்டு வரியில எழுப்பி விடுகேன்," என்றார் கிருஷ்ணமணி. இரண்டு வரி என்று ஒப்புக்கொண்டதுதான் கணபதியப்பன் செய்த பிழை. இருபது வரி கேட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பது வேறு விஷயம்.

கொடையன்று பந்தலில் இடம் இல்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி, ஒரே ஒரு நாற்காலி, அதில் கணபதியப்பன். வில்லில் மணிகள் குலுங்கின. குடமும் உடுக்கும் தாளமும் சேர்ந்துகொண்டன. கிருஷ்ணமணி வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாடினார்:

"ஒன்பது நாள் அன்னம் தண்ணி ஒதுக்கி வச்சார் கணபதியப்பன்,
உள்நாக்கு வறண்டபோதும் உரிமை கேட்டார் கணபதியப்பன்!"

"ஆமா, உரிமை கேட்டார் கணபதியப்பன்!" என்று பின்பாட்டுக்காரர்கள் வாங்கினார்கள்.

பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். ஏழாம் நாள், எட்டாம் நாள் என்று பாட்டு இறங்க இறங்கக் கணபதியப்பனே தோள்துண்டை எடுத்தார். ஒன்பதாம் நாள் உயிர் போயிற்று. பந்தல் முழுக்க ஓவென்று ஒரு சத்தம். தன் சாவுக்குத் தானே விம்மி அழுத ஒரே தலைவர் நாஞ்சில் நாட்டில் அவர்தான். அழுகைக்கு நடுவே எட்டு ஊர் வோட்டையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

கிருஷ்ணமணி எழுப்பிவிடும் இரண்டு வரிக்காக மூச்சை இழுத்தார். அதற்குள் உடுக்கு அடி வேகம் ஏறி முறுகிவிட்டது. கோயிலில் வழக்கமாகச் சாமியாடுகிறவர் நம்முடைய தண்ணீர் சுமந்த ஆறுமுகப்பெருமாள்தான். மாடன் வந்து ஆடுகிறவர். அன்றைக்கு ஒரே தாவலில் வில்லுக்கு முன்னால் வந்து நின்று, வேப்பிலையைச் சுழற்றி அலறினார்.

"ஏலே! நான் ஆருன்னு தெரியுதாலே? கணபதியப்பனாக்கும்! ஜெயில்ல செத்த கணபதியப்பனாக்கும்!"

ஜனம் எழுந்து நின்று கும்பிட்டது. கணபதியப்பனும் பழக்கதோஷத்தில் எழுந்து கும்பிட்டார்.

"எனக்குப் பீடம் வேணும்! மயிலாடிக் கல்லுல பீடம் வேணும்! வருஷா வருஷம் கொடை வேணும்! படையலுக்குச் சக்கப்பழம் வேணும்!"

சக்கப்பழம் என்றதும் கணபதியப்பன் கும்பிட்ட கையை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தை மாதத்தில் சக்கப்பழத்துக்கு எங்கே போவது என்று ஊர்க்காரர்களுக்குக் கவலை. சாமி அதற்குள் நாற்காலியைப் பார்த்துவிட்டது.

"இவன் ஆரு? என் சாயலை எடுத்துக்கிட்டு நாற்காலியில இருக்கியவன் ஆரு?"

"ஆறுமுகம், நான்தானவே! கணபதியப்பன்! உயிரோட இருக்கேன்லா!"

"அப்பம் நான் செத்தது பொய்யா?"

பூசாரி பக்கத்தில் வந்து காதில் சொன்னார்: "சாமி கேக்குதுல்லா. பதில் சொல்லும்."

கணபதியப்பன் சுற்றிலும் பார்த்தார். பொய் என்று சொன்னால் பாட்டு பொய், உபவாசம் பொய், ஆறு வருஷமாக வாங்கிய மாலையெல்லாம் பொய். அம்மன் சன்னிதியில் பொய்யைப் பாட வைத்தவனுக்கு எட்டு ஊரில் ஒரு வோட்டு விழுமா? உண்மை என்று சொன்னாலோ, அவர் உயிரோடு இருக்கிற ஆள் இல்லை. ஆப்பசைத்த குரங்கு மாதிரி விழித்தார். சக்கப்பழம் சாமியின் நாக்கு நுனியில் வேறு இருந்தது. இன்னும் ஒரு வார்த்தை மீறினால் அந்த வாளிக் கதையும் வந்துவிடும்.

"செத்தது..." என்றார். நாற்காலியை விட்டு எழுந்தார். "செத்தது உள்ளதுதான்."

குலவைச் சத்தம் கூரையைத் தூக்கியது. கிருஷ்ணமணி வீசுகோலை வைத்துவிட்டு வாழிப்பாட்டைத் தொடங்கினார். கதை முடிந்த பிறகு எழுப்பிவிட முடியாதாம், முறை கிடையாதாம். ஆறுமுகப்பெருமாள் மேல் வந்தது சாமியா, ஆறு வருஷத்து ஆத்திரமா என்பதில் பெரியமடையில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. கேட்டால் அவர், "ஆடும்போது சொன்னது எனக்கு எப்பிடித் தெரியும்?" என்பார்.

பத்தே நாளில் மயிலாடியிலிருந்து கல் வந்து கோயிலுக்கு வடபுறம் பீடம் எழும்பிவிட்டது. ரோடு போட மூன்று வருஷமாக மனுக் கொடுத்தும் ஒரு கூடை மண் விழாத ஊர் அது. ஜனங்கள் கோரிக்கைகளைச் சீட்டில் எழுதிப் பீடத்துக் கல்லுக்கு அடியில் வைத்தார்கள். யாரோ ஒருத்தியின் பசு கன்று போட்டதாம், சாமிக்குப் பேர் பிடித்துக்கொண்டது.

வோட்டுக் கேட்கப் போன கணபதியப்பன் பட்ட பாட்டைச் சொல்ல நாவு கூசுகிறது. வீட்டுக்கு வீடு கர்ப்பூரம் காட்டினார்கள். உலகம்மை என்ற ஒருத்தி காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு, "சாமிக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்றாள்.

"உலகம்மா, சின்னம் குத்துவிளக்கு. மறந்திராத. வோட்டு எனக்குத்தானே?"

"செத்தவங்க பேருக்கு வோட்டுப் போட்டா செல்லாதுன்னு எல்லாரும் சொல்லுகாவளே சாமி."

ஜெயசிங் வக்கீல் சும்மா இருப்பாரா? வடசேரிக் கூட்டத்தில், "காலஞ்சென்ற உபவாச வீரரை நான் பெரிதும் மதிக்கிறேன்" என்று தொடங்கி, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிஷம் மௌனம் கேட்டார். அந்த நிமிஷம் பார்த்து அந்த வழியாக ஜீப்பில் வந்த கணபதியப்பன் மெகாபோனில், "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்றார். மௌனமாக நின்றவர்களில் ஒருவர் திரும்பி, "சத்தம் போடாதேயும் ஓய், துக்கம் நடக்குல்லா" என்று அதட்டினார். கணபதியப்பன் மெகாபோனை மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டபோது தாணம்மாள், "படையலுக்குப் போக மீதி இருந்தாத் தாறேன்," என்றாள்.

அந்தக் காலத்துத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்கு உள்ளே போய், பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். வோட்டன்று பெரியமடைப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் அலைமோதியது. பெண்கள் குளித்து, நெற்றியில் நீறு பூசி வந்தார்கள். மறைப்புக்குள் போனவர்கள் வெளியே வர நேரம் பிடித்தது. வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள். குத்துவிளக்குப் பெட்டியைத்தான் கும்பிடுகிறார்கள் என்று ஏஜென்ட் ஓடி வந்து சொன்னபோது கணபதியப்பனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. செத்தாலும் பரவாயில்லை, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். அன்று மீசைக்கு இரண்டு இழுப்பு மை.

நாகர்கோவிலில் எண்ணிக்கை. அதிகாரி கோட்டயம் பக்கத்துக்காரர். வேட்பாளர்களுக்கு முன்னால் குத்துவிளக்குப் பெட்டியைத் திறந்து மேஜையில் கவிழ்த்தார். முதலில் விழுந்தது துளசி. பிறகு அரளிப் பூ, மடித்த திருநீற்றுப் பொட்டலங்கள், கர்ப்பூரத் துண்டு, ஒரு சின்ன வெள்ளித் தொட்டில், மஞ்சள் தடவிய வெற்றிலை, நானூறுக்கு மேல் மடித்த சீட்டுகள். அதற்கெல்லாம் அடியில் வோட்டுச் சீட்டு அறுபத்துமூன்று.

"எந்தாணு இது?" என்றார் அதிகாரி. "வோட்டுப் பெட்டியோ, உண்டியலோ?"

ஜெயசிங் வக்கீலின் பெட்டியில் வோட்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நிரம்பி இருந்தது.

வோட்டு அல்லாததை எல்லாம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். கணபதியப்பன் வேட்டி முந்தியில் அந்தச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே புளியமரத்து அடியில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்தார். எருமைக்குப் பால் வற்றாமல் இருக்க வேண்டும். மகளுக்குத் தோவாளைப் பக்கம் மாப்பிள்ளை அமைய வேண்டும். மடை உடையக் கூடாது. மகன் குடியை விட வேண்டும். ஏழு வருஷத்தில் மேடையில் அவர் கையில் மனு வந்தபோதெல்லாம் அது கட்சி ஆபீஸ் மேஜையில் டீக் கிளாசுக்கு அடியில்தான் கிடந்தது. இப்போது ஒன்றுவிடாமல் வாசித்தார். உயிரோடு இருந்தவனிடம் இவர்கள் ஒருத்தரும் இவ்வளவு நம்பிக்கையாகக் கேட்டதில்லையே என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது.

நடுவில் ஒரு சீட்டு. அவருடைய தேர்தல் நோட்டீசையே கிழித்து, பின்பக்கத்தில் ஊதாக் காப்பிங் பென்சிலால் எழுதியது. அந்தக் கையெழுத்தில் ஜெயிலுக்கு ஒன்பது நாளில் மூன்று கடிதம் வந்திருக்கிறது.

'சாமி, கேட்டது குடுப்பியன்னு எல்லாரும் சொல்லுகாவ. இந்தத் தேர்தலோட எங்க வீட்டு ஆளை வீட்டுக்கு அனுப்பித் தரணும். கும்பப்பூ அறுப்புக்குக் களத்துல நிக்க ஆள் இல்ல. எனக்கும் வயசாகு. என் வோட்டை வக்கீல் பெட்டியில போட்டுட்டேன். பொறுத்துக்கிடணும்.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜீப்பு கேட்காமல் பஸ்ஸில் ஊருக்கு வந்தார்.

மாசியில் அறுப்பு. களத்தில் குடை பிடித்துக்கொண்டு அவர் நின்றதை ஊர் வேடிக்கை பார்த்தது. தாணம்மாள், "சாமி சக்தி உள்ளதுதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு, பீடத்தில் பொங்கல் விட்டாள். பானையைச் சுமந்து போனவர் கணபதியப்பன்.

இரண்டு வருஷம் போயிற்று. ஐம்பத்தாறு நவம்பர் முதல் தேதி தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன; களியக்காவிளையிலிருந்து குமரிமுனைவரை கொடியும் வெடியுமாக ஒரே அமர்க்களம். மறுவாரம் பெரியமடைக்குக் கார் வந்தது. கட்சி ஆபீஸ்காரர்கள் மூன்று பேர்.

"உபவாச வீரரு இல்லாம லிஸ்ட்டா? சேர்ந்ததே உங்க தியாகத்தாலதானே! வாற தேர்தலுக்கு ஒரு சீட்டு உங்களுக்குத்தான் அண்ணாச்சி."

"நாளைக்குச் சொல்லுகேன்," என்றார் கணபதியப்பன். அவர்கள் போனதும் கண்மைச் சிமிழைத் தேடினார். வைத்த இடத்தில் இல்லை.

மறுநாள் உச்சிப் பொழுதில், கோயில் பக்கம் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனார். மடியில் ஒரு சீட்டு: 'ஒரே ஒரு தடவை. இதுதான் கடைசி.' தன்னிடமே தான் கேட்பது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது கொடுக்கும் சாமி என்று பேர் இருக்கிறதே, விடுவானேன்? வயலுக்கு எடுத்து வந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து பீடத்துக் கல்லை நகர்த்தினார்.

மேலே புதுச் சீட்டு ஒன்று இருந்தது. ஊதாக் காப்பிங் பென்சில்.

'சாமி, கட்சிக்காரங்க வந்துட்டுப் போனாவ. அவரு இன்னைக்கு உச்சைக்கு இங்க வருவாரு. கேட்டாக் குடுத்திராதிங்க.'

கணபதியப்பன் வெயிலில் அப்படியே குந்தி உட்கார்ந்தார். சாமி ஒன்று, கேட்பவர்கள் இரண்டு பேர். முந்தி வந்த மனு அவளுடையது. அவருடையது இன்னும் மடியில்தான் இருந்தது, கல்லுக்கு அடியில் போய்ச் சேரவில்லை.

கல்லைப் பழையபடி நகர்த்தி வைத்தார். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"செரிட்டி," என்று சாமி வரம் கொடுத்தது. பிறகு எழுந்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையைத் திறக்கப் போனது.